உடைந்த தாடையும் எட்டாத மருத்துவமும்: பேராக் வரலாற்றில் ஒரு காயம்

முன்னுரை

பேராக் மாநிலத்தின் வரலாற்றை எழுதுவோர் ஈயம், இரப்பர், ஜப்பானியர் ஆட்சி, அவசரகாலம் ஆகியவற்றைத் தவறாது எழுதுவர். அம்மண்ணில் வாழ்ந்தோரின் உடலுக்கு நேர்ந்தவை குறித்து எழுதப்பட்டவை மிகச் சிலவே. உடலும் ஒரு வரலாற்றுச் சான்றாகும் என்பது நம் கருத்து. ஆதலின் இக்கட்டுரை தாடையெலும்பு முறிவு என்னும் ஒரே காயத்தை எடுத்துக்கொள்கின்றது. அதற்குரிய அறுவை மருத்துவ அறிவு உலகில் வளர்ந்த வகையையும், அவ்வறிவு பேராக் மக்களை எட்டிய வகையையும் ஒருசேர நோக்க முற்படுகின்றது.

இதற்கு மையமாக அமைபவர் ஈப்போவில் வாழ்ந்த சிபில் கார்த்திகேசு (1899–1948). அவருடைய துணிவைப் பலரும் போற்றியுள்ளனர். அவர் உயிரிழக்கக் காரணமான தாடைக் காயம் மருத்துவ வரலாற்றில் வைத்துப் பார்க்கப்படவில்லை. தாடை முறிவு தன்னளவில் உயிரைப் போக்குவது அரிது. மருத்துவம் மறுக்கப்பட்ட காலமே உயிரைப் போக்குகின்றது என்பதே நாம் இங்கு நிறுவ முனையும் கருத்து.

பண்டைய அறிவு

தாடை முறிவு மனிதன் மிகப் பழங்காலத்திலேயே அறிந்த காயம். கி.மு. 1600 அளவில் எழுதப்பட்ட எகிப்தின் எட்வின் சிமித் ஏடு, புண்ணோடு கூடிய கீழ்த்தாடை முறிவை மருத்துவம் செய்யத்தகாத நோய் என ஒதுக்குகின்றது. கிரேக்க மருத்துவர் இப்போகிரட்டீசின் பெயரால் வழங்கும் நூல்கள், முறிவின் இருபுறப் பற்களையும் பொற்கம்பியாலோ நூலாலோ பிணைக்கச் சொல்கின்றன. சுசுருதரின் நூலும் எலும்பு முறிவுக்கெனத் தனிப்பகுதி வகுத்துள்ளது.

எகிப்திய மருத்துவர் கைவிட்டதன் காரணத்தை இன்று எளிதில் விளக்கலாம். பற்கள் பதிந்துள்ள பகுதியில் தாடை முறியும்போது அம்முறிவு பெரும்பாலும் வாய்க்குள் திறந்துகொள்கின்றது. வாயில் எப்போதும் வாழும் நுண்ணுயிரிகள் எலும்புக்குள் புகுகின்றன. சீழ் பிடிக்கின்றது, எலும்பின் ஒரு பகுதி இறக்கின்றது, நச்சு குருதியில் பரவினால் உயிருக்கே கேடு நேர்கின்றது. எனவே தாடை மருத்துவத்திற்கு இரு பணிகள் உண்டு. ஒன்று, எலும்பை அசையாது நிறுத்துதல். மற்றொன்று, நுண்ணுயிரிகளை அடக்குதல். முதற்பணியில் மனிதன் பெற்ற தேர்ச்சி பழமையானது. இரண்டாவதில் அவன் வெற்றி கண்டது 20ஆம் நூற்றாண்டில்தான்.

போர்கள் தந்த அறிவு

தாடை அறுவை மருத்துவம் பெரிதும் போர்க்களங்களில் வளர்ந்தது. அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது தாமஸ் கன்னிங் என்னும் பல் மருத்துவர், கடினப்படுத்திய இரப்பரால் வாய்க்குள் பொருந்தும் அணைவரிகளைச் செய்தார். 1865 ஏப்ரலில் அமெரிக்க வெளியுறவுச் செயலர் வில்லியம் சீவர்டு வண்டியிலிருந்து விழுந்து தாடை முறிந்தார். சில நாள்களில் கொலையாளி ஒருவன் அவர் முகத்தில் கத்தியால் குத்தினான். கன்னிங் அவருக்கும் அணைவரி பொருத்தினார். சீவர்டு மேலும் ஏழாண்டுகள் வாழ்ந்தார். பெனிசிலின் இல்லாத காலத்திலும், உடனடிக் கவனிப்பு கிட்டியோர் பிழைக்க முடிந்தது என்பதற்கு இஃதொரு சான்று.

1887இல் கில்மர் என்பார் மேல், கீழ்ப் பற்களைக் கம்பியால் இணைத்துக் கட்டும் முறையை எடுத்துரைத்தார். 1901இல் பிரெஞ்சு மருத்துவர் ரெனே லெ ஃபோர், பிணங்களின் தலையில் ஆய்வு நடத்தி மேல்தாடை முறியும் கோடுகளை வகைப்படுத்தினார். முதல் உலகப் போரில் பதுங்குகுழியிலிருந்து தலையை உயர்த்திய வீரர்களின் முகங்கள் சிதைந்தன. இங்கிலாந்தின் சிட்கப்பில் 1917இல் திறக்கப்பட்ட மருத்துவமனையில் ஹெரால்டு கில்லிஸ் தலைமையில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்டோர் மருத்துவம் பெற்றனர். ஆகவே 1940களுக்கு முன்னரே முறிந்த தாடையை நிறுத்தும் அறிவு உலகில் நிலைபெற்றுவிட்டது எனலாம்.

பாப்பானும் பத்து காஜாவும்

சிபில், சுமத்ராவின் மேடான் நகரில் பிறந்த யூரேசியப் பெண்மணி. பயிற்சி பெற்ற தாதி, மருத்துவச்சி. தைப்பிங்கைச் சேர்ந்த தமிழ் மருத்துவர் ஏ. சி. கார்த்திகேசுவை 1919இல் மணந்தார். இருவரும் 1926 முதல் ஈப்போ புரூஸ்டர் சாலையில் மருந்தகம் நடத்தினர். அச்சாலை இன்று ஜாலான் சுல்தான் இட்ரிஸ் ஷா என வழங்குகின்றது. 1941 டிசம்பரில் ஜப்பானியப் படை நெருங்கியபோது குடும்பம் அருகிலுள்ள பாப்பான் என்னும் ஈயச்சுரங்க ஊருக்குப் பெயர்ந்தது. அங்கு அவர், காட்டிலிருந்து போரிட்ட மலாயா மக்கள் ஜப்பானிய எதிர்ப்புப் படையினருக்கு மறைவாக மருத்துவம் செய்தார். வானொலி கேட்டுப் போர்ச் செய்திகளைப் பரப்பினார்.

1943இல் கெம்பெத்தாய் என்னும் ஜப்பானிய இராணுவக் காவற்படை அவரைக் கைது செய்தது. கணவரும் சிறைப்பட்டார். சிபில் கடுஞ்சித்திரவதைக்கு உள்ளானார். முதுகெலும்பு பாதிக்கப்பட்டு நடக்க இயலாதவரானார். காலணியால் தாடையில் உதைபட்டார். ஆயுள் தண்டனை பெற்றுப் பத்து காஜா சிறையில் அடைக்கப்பட்டு, 1945இல் போர் முடிந்தபின்னரே விடுதலையானார். பின்னர் மருத்துவத்திற்காகப் பிரிட்டனுக்கு வானூர்தியில் அனுப்பப்பட்டார். இறப்பதற்குச் சில மாதங்களுக்கு முன் ஜார்ஜ் பதக்கம் அவருக்கு வழங்கப்பட்டது. 1948 ஜூன் 12ஆம் நாள், தாடைக் காயத்திலிருந்து பரவிய குருதி நச்சேற்றத்தால் அவர் இறந்தார். ஸ்காட்லாந்தின் லானார்க்கில் அடக்கம் செய்யப்பட்ட அவருடல் 1949இல் ஈப்போவுக்குக் கொணரப்பட்டு மீண்டும் அடக்கம் செய்யப்பட்டது. அவருடைய நினைவுக்குறிப்பு 'நோ டிராம் ஆஃப் மெர்சி' என்னும் பெயரில் 1954இல் நூலாக வெளிவந்தது.

காயம்பட்டவர் தாமே தாதி என்பது ஈண்டு கருதத்தக்கது. புண்ணைத் தூய்மை செய்யவும் கட்டவும் அறிந்த கைகள் சிறையில் இருந்தன. அறிவு இருந்தது; அதனைப் பயன்படுத்தும் உரிமை மறுக்கப்பட்டது.

ஒரே காலத்தின் இரு முகங்கள்

1941 பிப்ரவரியில் ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள், முகத்தில் தொற்று முற்றிய ஆல்பர்ட் அலெக்சாண்டர் என்னும் காவலருக்குப் பெனிசிலின் செலுத்தினர். அவர் தேறினார், ஆனால் மருந்து தீர்ந்தமையால் மார்ச் மாதத்தில் இறந்தார். 1944 அளவில் அம்மருந்து நேசநாட்டுப் படைகளுக்குத் தாராளமாகக் கிடைக்கும் அளவிற்கு உற்பத்தி பெருகியது. தாடை மருத்துவத்தின் இரண்டாம் பணிக்கு விடை கிடைத்த அதே ஆண்டுகளில்தான் சிபில் பத்து காஜா சிறையில் கிடந்தார்.

1945க்குப் பின் பிரிட்டனில் பெனிசிலின் இருந்ததே, அது ஏன் அவரைக் காக்கவில்லை என்று கேட்கலாம். இதற்கு மருத்துவம் பொதுவாகக் கூறும் விளக்கம் உண்டு. நாட்பட்ட எலும்புச் சீழ்நோயில் இறந்துபட்ட எலும்புக்குக் குருதியோட்டம் இல்லை. குருதி செல்லாத இடத்திற்கு மருந்தும் செல்லாது. இறந்த பகுதியை அறுவையால் அகற்றினாலன்றித் தொற்று அடங்குவது அரிது. தொடக்கத்தில் எளிதாய்த் தீரக்கூடிய காயம், காலம் கடந்தபின் புதிய மருந்துக்கும் கட்டுப்படாத நோயாகின்றது.

பால்மரக் காட்டின் பதிவற்ற காயங்கள்

சிபிலின் காயத்தை நாம் அறிவது அவர் அதனைச் சொல்லிச் சென்றமையால். அதே 1943இல், மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தமிழ்த் தொழிலாளர்கள் 415 கிலோமீட்டர் நீளமுள்ள சயாம்–பர்மா இரயில் பாதையில் உழைத்துப் பல்லாயிரக்கணக்கில் மடிந்தனர். அவர்களுள் பெரும்பாலோரின் பெயர்களே எஞ்சவில்லை. காயங்கள் எங்ஙனம் எஞ்சும்?

அமைதிக் காலத்திலும் தோட்டத் தொழிலாளிக்கு மருத்துவம் என்பது தோட்ட மருத்துவமனையும் அங்கிருந்த டிரசருமே. மலேரியா, வயிற்றுப்போக்கு, வெட்டுக்காயம் ஆகியவற்றை அவர் கவனித்தார். தாடை முறிவு போன்றவை அவர் ஆற்றலுக்கு அப்பாற்பட்டவை. நகர மருத்துவமனைக்குச் செல்ல வேண்டியவை. இன்னொரு தடையும் உண்டு. கம்பியால் வாயைக் கட்டும் முறையில் நான்கு முதல் ஆறு வாரங்கள் வரை நீருணவே கதி. நாட்கூலியில் வாழ்ந்த பால்மரத் தொழிலாளிக்கு அது வருமான இழப்பையும் குறித்தது. மருத்துவ முறையின் விலையை மருந்துச் செலவால் மட்டும் அளக்கலாகாது.

தகடுகளும் ஆய்வுகளும்

இந்நிலையை மாற்றியவை சிறு தகடுகள். 1973இல் பிரெஞ்சு மருத்துவர் மிஷலேயும், 1978இல் ஸ்ட்ராஸ்பூர்க்கின் ஷாம்பியும் வெளியிட்ட ஆய்வுகள் இதில் முதன்மையானவை. கடிக்கும்போது கீழ்த்தாடையின் மேல்விளிம்பு இழுவிசைக்கும் கீழ்விளிம்பு அழுத்தவிசைக்கும் உட்படுகின்றன என்பதை ஷாம்பி குழுவினர் அளந்து காட்டினர். இழுவிசைக் கோட்டில் வாய்வழியே சிறு தகட்டைத் திருகினால் போதும். வாயைப் பல வாரங்கள் கட்டிவைக்க வேண்டுவதில்லை. நோயாளி சில நாள்களில் மென்மையான உணவை உண்ணலாம்.

தாமதம் குறித்தும் ஆய்வுகள் நிகழ்ந்துள்ளன. அவற்றின் முடிவுகள் ஒருமுகமாக இல்லை. நுண்ணுயிர்க்கொல்லி மருந்தும் கவனிப்பும் உள்ள இடத்தில் சில நாள் தாமதத்தால் மட்டுமே சிக்கல் பெருகுகின்றது என உறுதிப்பட நிறுவ இயலவில்லை. புகைப்பழக்கம், முறிவின் தன்மை போன்றவையும் விளைவைத் தீர்மானிக்கின்றன. இது நம் கருத்துக்கு மாறானதன்று. நோயாளி மருத்துவரின் பார்வையில் காத்திருக்கும் நாள்கள் வேறு. எவர் பார்வையும் படாது கழியும் நாள்கள் வேறு.

இன்று தோட்டங்கள் பல செம்பனைக்கும் வீடமைப்புக்கும் இடம் தந்துவிட்டன. காயத்தின் காரணமும் மாறியுள்ளது. மலேசியாவில் முக எலும்பு முறிவுக்குச் சாலை விபத்துகளே, குறிப்பாக மோட்டார் சைக்கிள் விபத்துகளே முதற்காரணம் என்று நம் நாட்டு ஆய்வுகள் காட்டுகின்றன. தலைக்கவசம் 1973இல் கட்டாயமாக்கப்பட்டது. ஆயினும் முகம் திறந்த கவசம் மண்டையைக் காக்குமேயன்றி மோவாயைக் காக்காது. ஈப்போவின் ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனையில் இன்று வாய், முக அறுவை மருத்துவப் பிரிவு இயங்குகின்றது. சிபிலுக்குக் கிட்டாத கவனிப்பு அவர் வாழ்ந்த நகரிலேயே கிடைக்கின்றது.

முடிவுரை

எகிப்திய ஏடு முதல் ஷாம்பியின் தகடு வரை தாடை மருத்துவ அறிவு இடையறாது வளர்ந்துள்ளது. அவ்வறிவு யாரை, எப்போது எட்டியது என்பதே சமூக வரலாற்றின் கேள்வி. வாஷிங்டனில் சீவர்டை அது சில நாள்களில் எட்டியது. பத்து காஜாவில் சிபிலை ஈராண்டுகளாக எட்டவில்லை. பால்மரக் காட்டில் எத்தனை பேரை எட்டவில்லை என்பதற்குக் கணக்கில்லை.

அக்கணக்கை முழுமையாக மீட்க இயலாது; எனினும் ஒரு பகுதியை மீட்கலாம். தோட்ட மருத்துவமனைகளில் பணிபுரிந்த டிரசர்களும் ஆயாக்களும், அங்கு மருத்துவம் பெற்றோரும் இன்று முதுமையில் உள்ளனர். சுங்கை சிப்புட், தாப்பா, பீடோர் வட்டாரத் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள் மாணவரைக் கொண்டு அவர்தம் நினைவுகளைப் பதிவு செய்யலாம். எக்காயம் நேர்ந்தது என்பதோடு நில்லாமல், மருத்துவரிடம் சேர எத்தனை நாள் ஆயிற்று, யார் கொண்டு சென்றார், கூலி எத்தனை நாள் நின்றது என்பனவற்றையும் கேட்டெழுதுதல் வேண்டும். இவ்வினாக்களுக்கு விடை சொல்லக்கூடியோர் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றனர் என்பதை நாம் மனங்கொள்ளல் வேண்டும்.