ஒரே நெருப்பு, இரு வானம்: ஜாவாவும் ஐஸ்லாந்தும்

‘எரிமலை மண் வளமானது; ஆகவே அங்கு மக்கள் நெருக்கமாக வாழ்கின்றனர்’ என்பது புவியியல் பாடத்தில் நாம் அடிக்கடி காணும் விளக்கம். மாணவர்களும் அதை மனனம் செய்து தேர்வில் எழுதிவிடுகின்றனர். இவ்விளக்கம் எவ்வளவு தூரம் பொருந்தும் என்பதைச் சோதித்துப் பார்க்க, ஒன்றுக்கொன்று வெகு தொலைவிலுள்ள இரு தீவுகளை அருகருகே வைத்து நோக்க விரும்புகிறேன். ஒன்று, நமக்கு அண்மையிலுள்ள ஜாவா. மற்றொன்று, வட அட்லாண்டிக் கடலில் வடதுருவ வட்டத்தை ஒட்டிக் கிடக்கும் ஐஸ்லாந்து. இரண்டுமே எரிமலைகளால் உருவான தீவுகள்.

பரப்பும் மக்கள்தொகையும்

மதுரா தீவையும் சேர்த்தால் ஜாவாவின் பரப்பு ஏறத்தாழ 1,30,000 சதுர கிலோமீட்டர். தீபகற்ப மலேசியாவின் பரப்பும் ஏறக்குறைய இதே அளவுதான். ஐஸ்லாந்தின் பரப்பு ஏறத்தாழ 1,03,000 சதுர கிலோமீட்டர். ஆக, அளவில் பெரிய வேறுபாடு இல்லை.

மக்கள்தொகைக்கு வருவோம். 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் ஜாவாவின் மக்கள்தொகை ஏறத்தாழ 15 கோடியே 16 இலட்சம், அதாவது 151.6 மில்லியன். 2021ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் ஐஸ்லாந்தின் மக்கள்தொகை ஏறத்தாழ 3 இலட்சத்து 60 ஆயிரம். ஜாவாவில் ஒரு சதுர கிலோமீட்டரில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வாழ, ஐஸ்லாந்தில் அதே பரப்பில் நால்வர்கூட இல்லை. மண் மட்டுமே காரணமென்றால் இத்தனை பெரிய வேறுபாடு எங்கிருந்து வந்தது?

வானிலை செய்யும் வேலை

ஜாவா, நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே 6 முதல் 9 பாகைக்குள் அமைந்துள்ளது. ஆண்டு முழுவதும் வெப்பம். நவம்பர் முதல் மார்ச் வரை பருவமழை. எரிமலை உமிழும் சாம்பலும் பாறையும் வெப்பத்தாலும் மழையாலும் விரைந்து சிதைந்து மண்ணாகின்றன. மெராபி, கெலுட், செமெரு போன்ற மலைகளின் சரிவுகளிலிருந்து இறங்கும் ஆறுகள் அந்த வளத்தை வயல்களுக்குக் கொண்டு சேர்க்கின்றன. ஓர் ஆண்டில் இரண்டு போகம், நீர்வசதி மிகுந்த இடங்களில் மூன்று போகம்கூட நெல் விளைகிறது.

ஐஸ்லாந்தின் தலைநகரான ரெய்க்யவிக் நகரில் சனவரி மாதச் சராசரி வெப்பநிலை 0 பாகை செல்சியஸை ஒட்டியது. சூலையில்கூட அது ஏறத்தாழ 11 பாகைதான். வளைகுடா நீரோட்டத்தின் வெதுவெதுப்பு இல்லையெனில் குளிர் இன்னும் கடுமையாக இருந்திருக்கும். நாட்டின் பத்தில் ஒரு பங்கு பனியாற்றின்கீழ் உள்ளது. அங்கு நெல் இல்லை. கோதுமையும் எளிதில் விளையாது. குறுகிய கோடையில் வளரும் புல்லை அறுத்துக் காயவைத்து, நீண்ட குளிர்காலத்திற்கு ஆடுமாடுகளுக்கெனச் சேமிப்பதே நெடுங்காலம் வேளாண்மையாக இருந்தது. 9ஆம் நூற்றாண்டில் குடியேறியவர்கள் பிர்ச் மரக்காடுகளை வெட்டினர், ஆடுகள் மேய்ந்தன, காற்று மண்ணை அள்ளிச் சென்றது. நெருப்பு ஒன்றுதான், ஆனால் வானம் வேறு.

1602: ஒரே ஆண்டு, இரண்டு பூட்டுகள்

வானிலையோடு கதை முடிந்துவிடவில்லை. 1602ஆம் ஆண்டில் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி தோற்றுவிக்கப்பட்டது. பின்னர் ஜாவாவின் வணிகம் படிப்படியாக அதன் கைக்குள் சென்றது. அதே 1602இல், டென்மார்க் மன்னர் ஐஸ்லாந்தின் வணிகம் முழுவதையும் டேனிய வணிகர்களுக்கே உரியதாக்கினார். மற்றவர்களுக்கு மீன் விற்பதும் அவர்களிடம் தானியம் வாங்குவதும் குற்றமாயின.

1703இல் ஐஸ்லாந்தில் எடுக்கப்பட்ட கணக்கெடுப்பு, நாட்டு மக்கள் ஒவ்வொருவரையும் பெயரோடு பதிந்த முதற்கணக்கெடுப்பாகப் போற்றப்படுகிறது. அதன்படி அங்கிருந்தோர் 50,358 பேர். அடுத்த சில ஆண்டுகளில் பெரியம்மை நோய் பெருந்தொகையினரைக் கொண்டு சென்றது. 1783 சூன் 8ஆம் நாள் லாக்கி எரிமலைப் பிளவு வெடித்து, எட்டு மாதம் நெருப்புக் கக்கியது. கந்தக வாயுவும் புளோரினும் புல்லில் படிந்தன. ஆடுகளில் பெரும்பகுதி மடிந்தது. தொடர்ந்த பஞ்சத்தில் ஐவரில் ஒருவர் இறந்தனர். அதன் பின்னரே, 1787இல், அந்த வணிகப் பூட்டு தளர்த்தப்பட்டது. 1801இல் மக்கள்தொகை ஏறத்தாழ 47,000. நூறாண்டு கழிந்தும் நாடு தொடங்கிய இடத்திற்கே திரும்பியிருந்தது.

ஜாவாவின் கதை வேறு. சிங்கப்பூர் வரலாற்றில் நாம் நன்கறிந்த ராஃபிள்ஸ், 1811 முதல் 1816 வரை ஜாவாவின் துணை ஆளுநராக இருந்தவர். அவருடைய காலத்தில், 1815இல் எடுக்கப்பட்ட கணக்கு, 46 இலட்சத்துக்குச் சற்று மேல் எனக் காட்டியது. உண்மைத் தொகை அதனினும் கூடுதலாக இருந்திருக்கும் என்பர் ஆய்வாளர். 1930இல் அது 4 கோடியைத் தாண்டிவிட்டது. நீர்ப்பாசன நெல்வயல், கைகள் கூடக்கூட இன்னும் சற்று அதிகமாக விளைவிக்கும் தன்மையுடையது. அம்மைத் தடுப்பூசியும் உயிர்களைக் காத்தது.

ஆயினும் வளமான மண் எப்போதும் வயிற்றை நிரப்பியதில்லை. 1830இல் டச்சு அரசு கட்டாயப் பயிர் முறையைக் கொணர்ந்தது. கிராம நிலத்தில் ஐந்தில் ஒரு பங்கில் காப்பி, கரும்பு, அவுரி முதலிய ஏற்றுமதிப் பயிர்களை விளைவிக்க வேண்டும் என்பது விதி; நடைமுறையில் பல இடங்களில் சுமை அதனினும் மிகுந்தது. 1849-50இல் நடு ஜாவாவின் டெமாக், குரோபோகான் வட்டாரங்களில் பெரும் பஞ்சம் ஏற்பட்டது. உலகின் மிகச் செழிப்பான நெல்நிலங்களுள் ஒன்றில் மக்கள் பசியால் மடிந்தனர். அங்கு வானம் மட்டும் பொய்க்கவில்லை, ஆட்சியும் பொய்த்தது.

புறப்பட்டுச் சென்றவர்கள்

இரு தீவுகளிலிருந்தும் மக்கள் வெளியேறினர். 1870 முதல் 1914 வரை ஏறத்தாழ 15,000 ஐஸ்லாந்தியர் வட அமெரிக்கா சென்றனர். கனடாவின் வின்னிபெக் ஏரிக்கரையில் கிம்லி என்னும் ஊர் 1875இல் அவர்களால் அமைந்தது. ஜாவாவினர் 1890 முதல் ஒப்பந்தக் கூலிகளாகச் சூரினாமுக்கு அனுப்பப்பட்டனர். ஜொகூரிலும் சிலாங்கூர்க் கடலோரத்திலும் தோப்பமைத்துக் குடியேறியவர்களும் பலர். மலாயாத் தோட்டங்களில் நம் முன்னோர் பால்மரம் சீவிய காலத்தில் ஜாவாத் தொழிலாளர்களும் அங்கு உழைத்தனர். மக்கள்தொகைப் புள்ளிவிவரம் என்பது வெறும் எண்ணன்று. அதற்குள் புறப்பட்டவர்களின் பயணமும் அடங்கியிருக்கிறது.

இன்று ஐஸ்லாந்தியர், முன்பு தம்மை அழித்த அதே நிலவெப்பத்தால் பத்தில் ஒன்பது வீடுகளைச் சூடாக்கிக் கொள்கின்றனர். மீன்வளமும் கல்வியும் அந்நாட்டைச் செல்வ நாடாக்கியுள்ளன. ஜாவாவிலும் கமோஜாங்கில் 1983 முதல் நிலவெப்பம் மின்சாரமாகிறது.

ஆசிரியர்களுக்கும் பெற்றோர்களுக்கும்

இரு நாடுகளை ஒப்பிடும் பயிற்சியில் பரப்பு, வெப்பநிலை, மக்கள்தொகை என மூன்று கட்டங்களை நிரப்பியதும் பாடம் முடிந்துவிட்டதாக மாணவர்கள் கருதுகின்றனர். அங்குதான் பாடம் தொடங்குகிறது என்பது என் கருத்து. நான்காவதாக ஒரு கட்டத்தைச் சேர்த்து, ‘விளைந்ததை யார் எடுத்துச் சென்றார்கள்?’ என்று தலைப்பிடுங்கள். மண் வாய்ப்பைத் தருகிறது. வானிலை எல்லையை வகுக்கிறது. அவ்வெல்லைக்குள் மனிதர் உண்டு வாழ்ந்தார்களா, பசித்து மடிந்தார்களா என்பதைப் பெரிதும் மனிதரே தீர்மானித்திருக்கின்றனர். இதை உணர்ந்த பிள்ளை, ‘அந்த நாடு ஏழை நாடு, ஏனெனில் அங்கு மக்கள் அதிகம்’ என ஒரே வரியில் தீர்ப்புச் சொல்லத் தயங்குவான். அந்தத் தயக்கமே கல்வியின் பயன்.