வீட்டினூடே ஓடும் ஜலம்

சீன தேசத்துச் சூச்சோ நகருக்குத் தென்கிழக்கே, ஏரிகள் சூழ்ந்த சோவ்ஜுவாங் என்னும் நீரூருக்குத் துணையின்றிச் செல்லும் பிரயாணி, உல்லாசக் கூட்டம் வந்து இறங்குமுன் விடியற்காலையிலேயே அதன் கால்வாய்க் கற்படித்துறையில் சற்று நின்று பார்த்தானானால், முற்காலத்தில் இவ்வூருக்கு ராஜவீதியாக இருந்தது இந்தக் கால்வாயே என்பது அவன் மனத்தில் தானாகவே பதியும். மிங் வம்சத்து வான்லி சக்கரவர்த்தியின் காலத்தில் இங்கு எழுந்த இரட்டைப் பாலங்களில் ஒன்றின் கண் வளைவு, மற்றதன் கண் சதுரம். இரண்டும் சேர்ந்து பழங்காலத்துச் சாவியை நினைவூட்டும். 1984-இல் ஓவியர் சென் யீஃபெய் அவற்றைச் சித்திரமாகத் தீட்டிய பின்னரே வெளியுலகம் இவ்வூரை அறிந்தது. எனக்கோ, பாலங்களைக் காட்டிலும் ஜாங் குடும்பத்தாரின் புராதன கிருகமே பேராச்சரியம். வீட்டினூடே ஓர் ஓடை ஓடுகிறது. படகுகள் ஒதுங்கித் திரும்புவதற்கென்றே அங்கு ஒரு சிறு குளமும் வெட்டியிருக்கிறார்கள். ஊர்க் கால்வாயின் கரைச்சுவரிலோ, தோணிக் கயிறு கட்டத் துளையிட்ட கற்கள், அழகிய வேலைப்பாட்டுடன், இன்றும் நீர்மட்டத்துக்குச் சற்று மேலே நிற்கின்றன.