கணக்குத் தாளும் கணினித் திரையும்



ஒரே நிலத்திற்குக் கிராமத்தில் இரண்டு கணக்குகள் உண்டு. ஒன்று அடங்கல், மற்றொன்று சிட்டா. ஏன் இரண்டு? விடை காண நம் சேலம், நாமக்கல் சமவெளியின் வரலாற்றைச் சற்றே திரும்பிப் பார்ப்போம்.

1792-இல் சீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி, திப்பு சுல்தான் பாராமகாலையும் சேலம் சீமையையும் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு விட்டுக்கொடுத்தார். அவற்றின் நிர்வாகம் அலெக்சாண்டர் ரீட் என்னும் படை அதிகாரியிடம் ஒப்படைக்கப்பட்டது. அவருக்கு உதவியாளராக வந்த மூவருள் ஒருவரே, பின்னர் 1820-இல் சென்னை ஆளுநரான தாமஸ் மன்றோ. அவர்கள் ஊர் ஊராகச் சென்று, நிலத்தை வயல் வயலாக அளந்து தீர்வை விதித்தனர். குடியானவரோடு நேரே கணக்கு வைக்கும் ரயத்துவாரி முறை இங்கேதான் உருப்பெற்றது.

இம்முறையில் வேலை பலர் கைமாறிச் சென்றது: அளப்பவர், எழுதுபவர், வசூலிப்பவர், தணிக்கை செய்பவர். நாளடைவில் அவரவர் பணிக்கேற்ற தாள் அமைந்தது. வயலில் நடந்து பயிரைப் பார்ப்பவருக்குச் சர்வே எண் வரிசையில் அடங்கல். ஒருவருடைய நிலமனைத்தையும் தீர்வையையும் ஒருசேரக் காண்பவருக்குப் பட்டா எண் வரிசையில் சிட்டா. நிலம் ஒன்றே, பார்ப்பவர் பணி வேறு, ஆகவே பக்கமும் வேறு. அடங்கலின் ஓரத்தில் குறிப்பு எழுதவும் ஒரு கலம் இருந்தது. எண்ணில் அடங்காத உண்மைக்கு அதுவே புகலிடம்.

1980-இல் கர்ணம் பதவி ஒழிந்து, கிராம நிர்வாக அலுவலர் வந்தார். இன்று பட்டா மாற்றம் ‘தமிழ்நிலம்’ என்னும் மென்பொருள் வழியே நடைபெறுகிறது. உட்பிரிவு வேண்டும் விண்ணப்பம் நில அளவரிடம் செல்கிறது. விண்ணப்பத்தை உரியவரிடம் சேர்ப்பது இயந்திரம். நேரில் கண்டு ஆராய்ந்து சொல்ல வேண்டியவர் மனிதர்.

தந்தை இறந்த பின் மக்கள் பெயருக்குப் பட்டா கேட்கிறார்கள் என்று கொள்வோம். வாரிசுகளுள் ஒரு மகள் விடுபட்டிருப்பதை அலுவலர் கண்டறிகிறார். திரையில் ‘ஏற்கிறேன்’, ‘மறுக்கிறேன்’ என்னும் இரண்டு பொத்தான்கள் மட்டுமே இருந்தால், அவர் அறிந்த உண்மையை எங்கே எழுதுவார்? ஏற்றால் அம்மகளின் உரிமை மறையும். மறுத்தால் காரணம் தெரியாமல் குடும்பமே அலையும்.

உங்களுள் பலர் நாளை இத்தகைய திரைகளை அமைப்பீர்கள். அமைக்குமுன், அதன் எதிரே அமரப்போகிறவரோடு ஒரு நாள் வயல்வரப்பில் நடந்து வாருங்கள். திரை எப்படி இருக்க வேண்டும் என்பதை அவருடைய வேலையே உங்களுக்குச் சொல்லும்.