நுண்ணோக்கிப் படமெடுப்பில் குவிய ஆழம்

நுண்ணோக்கியில் பிம்பம் விழும் இடத்தில் கேமராவின் சென்சாரைச் சற்று ஏற்றி இறக்கினாலும் படம் தெளிவு குன்றாமல் நிற்கும் எல்லையே குவிய ஆழம். மாதிரியை ஏற்றி இறக்கும்போது கிடைக்கும் இதே போன்ற எல்லை புல ஆழம். உருப்பெருக்கம் குறையக் குறையப் புல ஆழம் கூடும். குவிய ஆழமோ பெரும்பாலும் சுருங்கும். முதலாவது ஆய்வகத்தில் பழகிய எவருக்கும் தெரியும். இரண்டாவதைக் கவனியாமல் விடுவதுதான், கண்ணுக்குப் பளிச்சென்று தெரிந்த காட்சி படத்தில் மங்கிப்போக ஒரு முக்கியக் காரணம்.

இரண்டையும் தீர்மானிப்பது எண்துளை. லென்ஸ் எவ்வளவு அகன்ற ஒளிக்கூம்பை வாங்குகிறது என்பதைச் சொல்லும் இந்த எண், லென்ஸின் மேலேயே பொறித்திருக்கும். ஒளியின் அலைநீளத்தை எண்துளையின் வர்க்கத்தால் வகுத்தால் காற்றில் புல ஆழம் வரும். 0.55 மைக்ரோமீட்டர் பச்சை ஒளியில், எண்துளை 0.10 உள்ள 4 மடங்கு லென்ஸுக்கு அது 55 மைக்ரோமீட்டர், 0.65 உள்ள 40 மடங்கு லென்ஸுக்கு வெறும் 1.3. உருப்பெருக்கத்தின் வர்க்கத்தால் இதைப் பெருக்கினால் குவிய ஆழம்: முன்னதற்கு 0.88 மி.மீ., பின்னதற்கு 2.1 மி.மீ. கேமராவை மாட்டும் அடாப்டர் பிம்பத்தைப் பாதியாகச் சுருக்குவதாக இருந்தால் 4 மடங்கில் மிஞ்சுவது 0.22 மி.மீ. தான், ஏறக்குறைய இரண்டு தாளின் கனம். சென்சாரின் புள்ளிகள் பெரிதாக இருந்தால் இந்த எல்லைகள் கொஞ்சம் விரியும்.

கண்ணால் பார்க்கும்போது நிலைமை வேறு. கண் தானே தகவமைத்துக்கொண்டு ஆழத்தைக் கூட்டித் தரும்; குறைந்த உருப்பெருக்கத்தில் இந்த உதவி மிகப் பெரிது. கண்ணின் பங்கையும் சேர்த்து ஆழத்தைக் கணக்கிடும் முறையை ஜெர்மானியரான மாக்ஸ் பெரெக் 1927இல் வெளியிட்டார். சென்சாருக்கு அந்தத் தகவமைப்பு கிடையாது.

திருவண்ணாமலையிலிருந்து செஞ்சி போகும் சாலையில் உள்ள கீழ்பென்னாத்தூர் பக்கம் மல்லாட்டை என்றும் மணிலா என்றும் சொல்லப்படும் நிலக்கடலையின் இலையை எடுத்துக்கொள்வோம். டிக்கா நோயின் பின்பருவப் புள்ளியில், பூஞ்சையின் கரிய குச்சங்கள் இலையின் அடிப்புறத்தில் வளையம் வளையமாக எழும்பும். முன்பருவப் புள்ளியில் வித்துகள் பெரும்பாலும் மேற்புறத்தில் உண்டாகும். இரண்டையும் பிரித்தறிய 4 மடங்கே தொடக்கத்துக்குப் போதும். ஆனால் இலை தட்டையாக இராது. குச்சத்தின் நுனி தெளிந்தால் நரம்பு மங்கும். ஒளிகூட்டியின் கருவிழித்திரையைச் சுருக்கினால் ஆழம் கூடும், நுண்விவரம் போகும். மாதிரியை ஏற்றி இறக்கும் குமிழை இம்மி இம்மியாகத் திருப்பிப் பல படங்கள் எடுத்து, தெளிந்த பகுதிகளைக் கணினியில் ஒன்றாக்குவதே நல்ல வழி.

அதற்கு முன் கேமராவின் உயரம் சரியாக அமைய வேண்டும். சமதளமான கண்ணாடித் தகட்டு மாதிரி ஒன்றை வைத்து, 40 மடங்கில் திரையில் படத்தைத் தெளிவாக்கிக்கொண்டு, குமிழைத் தொடாமல் 4 மடங்குக்கு மாற்ற வேண்டும். மங்கினால் திருப்ப வேண்டியது குமிழை அல்ல, அடாப்டரின் வளையத்தை. உயரத்தைச் சரிபார்க்க உயர் மடங்கு உதவாது: அங்கே குவிய ஆழம் தாராளமாக இருப்பதால் அடாப்டரின் பிழை வெளியில் தெரியாது.