நாற்பது முறை ஏமாந்த குளவி

பூச்சிகளுக்குச் சொந்த புத்தி கிடையாது என்பதற்கு உதாரணமாக ஒரு கதை சொல்வார்கள். எழுதியவர் பிரான்ஸ் நாட்டு ஆசிரியர் ழான் ஆன்ரி ஃபாப்ர் (1823-1915).

ஸ்ஃபெக்ஸ் என்ற பெரிய குளவி மண்ணில் தனி வளை தோண்டும். கொட்டி முடக்கிய சுவர்க்கோழிப் பூச்சியை இழுத்து வந்து வாசலில் வைத்துவிட்டு, உள்ளே ஒருமுறை பார்த்து வரும். பிறகுதான் இரை உள்ளே போகும். குளவி உள்ளே போன நேரத்தில் ஃபாப்ர் இரையைத் தள்ளி வைத்தார். அது தேடி எடுத்து வந்து வாசலில் வைத்தது. மறுபடியும் உள்ளே பார்க்கப் போனது. நாற்பது முறை நகர்த்தினார். நாற்பது முறையும் இதே கதைதான்!

1963-ல் டீன் வுல்ட்ரிஜ் இதைத் தன் புத்தகத்தில் எழுதினார். 1982-ல் டக்ளஸ் ஹாஃப்ஸ்டாட்டர், யோசிக்காமல் இயந்திரம்போல நடப்பதற்கு 'ஸ்ஃபெக்ஸிஷ்' என்று பெயரே வைத்துவிட்டார்.

ஆனால் மறுபாதி? வேறோர் இடத்துக் குளவிகளிடம் ஃபாப்ர் இதையே செய்தபோது, இரண்டு மூன்று முறைக்குப் பிறகு அவை உள்ளே எட்டிப் பார்க்காமல் இரையை நேராக இழுத்துப் போய்விட்டன. இதையும் அவர் மறைக்காமல் எழுதினார். பின்னால் வந்தவர்கள்தான் விட்டுவிட்டார்கள். 2013-ல் ஃப்ரெட் கெய்ஸர் என்ற தத்துவ அறிஞர் இதைச் சுட்டிக்காட்டிக் கட்டுரை எழுதினார்.

இனி யாராவது நாற்பது முறைக் கதையைச் சொன்னால், அந்த இரண்டாவது ஊர்க் குளவிகளைப் பற்றியும் கேளுங்கள் நண்பர்களே!