வளையும் தண்டின் வரலாறு



பால் வாளிகளைக் காண்டாக் கம்பில் மாட்டித் தோளில் சுமந்தவர்கள் நம்மிடையே இன்னும் இருக்கிறார்கள். புதிய கம்பு ஒன்றை அவர்கள் எப்படித் தேர்ந்தெடுத்தார்கள் என்று கேட்டுப் பாருங்கள். கம்பின் நடுவைத் தோளில் வைத்து, இரு முனைகளையும் கையால் அழுத்தி விட்டு, அது துள்ளும் துள்ளல் தம் நடைக்கு ஒத்து வருகிறதா என்று கவனித்ததைச் சொல்வார்கள். கம்பு விறைப்பாக இருந்தால் அடிக்கு அடி தோளை இடிக்கும். நெகிழ்ச்சி மிகுந்தால் வாளி ஆடிப் பால் சிந்தும். இதை அளக்கக் கருவி எதுவும் கிடையாது. தோள்தான் கருவி.

இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் கோல்ப் மட்டையின் தண்டு. அதிலும் ஜப்பானிய மட்டைகளின் தண்டு. துரைமார் ஆட்டத்தைப் பற்றி நமக்கென்ன பேச்சு என்று சிலர் முகம் சுளிக்கலாம். பொறுத்துக் கேளுங்கள். இந்தக் கதையில் நம் காடும், நம் ரப்பர் மரமும், நம்மவர் தோளும் வருகின்றன.

கதை ஒரு பாராங்குக் கத்தியின் பிடியில் தொடங்குகிறது. சிங்கப்பூரில் அரசாங்க மருத்துவராக இருந்த வில்லியம் மாண்ட்கோமரி, மலாய்க்காரர் ஒருவர் கையில் இருந்த பாராங்கின் பிடி மரமும் அல்லாமல் கொம்பும் அல்லாமல் ஏதோ ஒரு பிசினால் ஆகியிருப்பதைக் கண்டார். விசாரித்தபோது, காட்டு மரத்தின் பால் அது என்றும், வெந்நீரில் இட்டால் இளகும், ஆறினால் இறுகும் என்றும் தெரிந்தது. அதுவே கெத்தா பெர்ச்சா. 1843ஆம் ஆண்டில் அதன் மாதிரிகள் லண்டனுக்குச் சென்றன. ஐந்தே ஆண்டுகளில், 1848ஆம் ஆண்டளவில், ஸ்காட்லாந்தில் அந்தப் பிசினை உருட்டிக் கோல்ப் பந்து செய்தார்கள். அதற்கு முன் இருந்த பந்து தோல் பைக்குள் இறகுகளைத் திணித்துத் தைத்தது. நனைந்தால் கெடும், விலையோ சாதாரண மனிதன் தொட முடியாதது. மலாயாக் காட்டுப் பிசின் வந்தபிறகுதான் ஆட்டம் எளியவர் கைக்கும் எட்டியது. (கடலடித் தந்திக் கம்பிக்கு உறையாகவும் இந்தப் பிசின் தேவைப்பட்டது. அதற்காக வெட்டி வீழ்த்தப்பட்ட மரங்களுக்குக் கணக்கில்லை. அது தனியே ஒரு நாள் பேச வேண்டிய சங்கதி.)

புதிய பந்து இறகுப் பந்தைக் காட்டிலும் கடினமானது. அதை அடித்தால் பழைய மட்டைகள் தாங்கவில்லை. அதுவரை தண்டுகளைச் சாம்பல் மரத்திலும் ஹேசல் மரத்திலும் செய்துவந்தார்கள். பிறகு அமெரிக்காவிலிருந்து ஹிக்கரி என்ற மரம் வந்தது. வளையும், ஆனால் எளிதில் முறியாது. ஏறத்தாழ எண்பது ஆண்டுகள் ஹிக்கரியே கோல்ப் மட்டையின் முதுகெலும்பாக இருந்தது. கோலாலம்பூரில் 1893ஆம் ஆண்டு சிலாங்கூர் கோல்ப் கிளப் தோன்றியபோது, பெட்டாலிங் குன்றில் துரைமார் வீசியவையும் மரத்தண்டு மட்டைகள்தாம்.

மரம் என்றால் ஒன்றுபோல் மற்றொன்று இருக்காது. மண்வெட்டிக்குப் பிடி போட்டவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. நேரான ரேகை, கணு இல்லாத உடல், நன்றாகக் காய்ந்த பதம் ஆகியவற்றைப் பார்த்து எடுத்து, தரையில் ஊன்றி வளைத்துப் பார்த்து, கையின் தீர்ப்பை நம்பினார்கள். அமெரிக்காவின் பாபி ஜோன்ஸ் 1930ஆம் ஆண்டு ஒரே பருவத்தில் நான்கு பெரிய போட்டிகளையும் வென்றவர். தம் ஹிக்கரி மட்டைகளை ஒவ்வொன்றாகக் கையால் ஆட்டிப் பார்த்துச் சேர்த்திருந்தார். பல ஆண்டுகளுக்குப் பின் அவற்றைக் கருவியில் வைத்துச் சோதித்தபோது, ஒன்றைத் தவிர மற்றவை எல்லாம் ஏறக்குறைய ஒரே சீராக அதிர்ந்தனவாம். அந்த ஒரு மட்டை மட்டும் தமக்கு எப்போதும் தொல்லை கொடுத்தது என்று அவரும் சொன்னதாகக் கூறுவர். காண்டா சுமந்த தோளைப் போலவே அவருடைய கையும் கணக்கறிந்த கை.

இதற்கிடையே பந்து மீண்டும் மாறியது. 1899ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஹாஸ்கல் என்பவர் காப்புரிமை பெற்ற பந்தில், ரப்பர் நூலை இழுத்து இழுத்துச் சுற்றியிருந்தார்கள். அது நெடுந்தூரம் பறந்தது. சில ஆண்டுகளில் கெத்தா பெர்ச்சாப் பந்து மறைந்தது. அந்தக் காலத்தில்தான் கிள்ளான் வட்டாரத்தில் ரப்பர் தோட்டங்கள் பெருகின. 1901ஆம் ஆண்டில் திறந்த சுவெட்டன்ஹம் துறைமுகத்தின் வழியாக நம் முன்னோர் வந்து இறங்கினார்கள். அவர்கள் வெட்டிய பாலில் பெரும்பகுதி மோட்டார்ச் சக்கரத்துக்குப் போனது. ஒரு சிறு துளி கோல்ப் பந்துக்குள்ளும் போயிற்று.

எஃகுத் தண்டு வந்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். எடின்பரோவில் ஒரு கொல்லர் 1894ஆம் ஆண்டிலேயே எஃகுக் கம்பியால் தண்டு செய்து காப்புரிமை வாங்கினார். ஆயினும் ஆட்ட விதிகளை வகுப்போர் நெடுங்காலம் மறுத்தார்கள். அமெரிக்கா 1924ஆம் ஆண்டிலும், பிரிட்டன் 1929ஆம் ஆண்டிலுமே உள்ளீடற்ற எஃகுக் குழாய்த் தண்டை ஒப்புக்கொண்டன. எஃகு ஒரே சீராக இருப்பதால், ஒவ்வொரு தூரத்துக்கும் ஒரு மட்டை என்று செய்து குவித்தார்கள். முப்பதுக்கு மேற்பட்ட மட்டைகளோடு ஆடியவர்களும் உண்டு. அத்தனையையும் பையில் போட்டுச் சுமந்தவன் யார்? கேடிப் பையன்! 1938ஆம் ஆண்டு அமெரிக்காவிலும், மறு ஆண்டு பிரிட்டனிலும் 14 மட்டைக்கு மேல் கூடாது என்று விதி செய்தார்கள். விதி செய்தவர்கள் ஆட்டத்தின் நேர்மையை நினைத்தார்களோ இல்லையோ, கேடிகளின் தோளுக்கு இதைவிட நல்ல விதி எழுதப்பட்டதில்லை என்பது நம் கருத்து.

இனி ஜப்பானுக்கு வருவோம். ஜப்பான் என்றதும் சயாம் மரண ரயில்பாதையை நினைத்து வாய் மூடிக்கொள்ளும் மூத்தவர்கள் தோட்டத்துக் குடும்பங்களில் இருந்தார்கள். அந்த நினைவை நாம் மறைத்துப் பேசவில்லை. மட்டையின் வரலாறு வேறொரு தடத்தில் சென்றது. ஜப்பானின் முதல் கோல்ப் கிளப்பை 1903ஆம் ஆண்டில் கோபே நகரத்துக்கு மேலுள்ள ரொக்கோ மலையில் தொடங்கியவர் ஆங்கிலேயத் தேயிலை வணிகர் ஒருவர். அந்த ஆட்டம் பொதுமக்களிடம் பரவியதோ 1957ஆம் ஆண்டில், ஜப்பானிய ஆட்டக்காரர் இருவர் தம் நாட்டிலேயே நடந்த கனடா கோப்பையை வென்றபிறகு.

அதே காலத்தில் ஒசாகா நகரத்தில் அரசாங்க ஆய்வுக்கூடம் ஒன்றில் அகியோ ஷிண்டோ என்ற ஆராய்ச்சியாளர், துணி நெய்யும் செயற்கை இழையைக் காற்றுப் படாமல் சுட்டுக் கரியாக்கி, எஃகைப்போல் வலிமையும் எஃகைவிட எத்தனையோ மடங்கு குறைந்த எடையும் உள்ள கார்பன் இழையை உருவாக்கும் வழியைக் கண்டார். 1959ஆம் ஆண்டளவில் தொடங்கிய அந்த முயற்சி, 1971ஆம் ஆண்டில் டோரே நிறுவனத்தின் வணிக உற்பத்தியாக வளர்ந்தது. ஆகாய விமானத்துக்கென்று எண்ணிச் செய்த பொருள் முதலில் விலைபோனது தூண்டில் கம்புக்கும் கோல்ப் தண்டுக்குமே. அமெரிக்காவில் பிராங்க் தாமஸ் என்பவர் 1969ஆம் ஆண்டில் கார்பன் தண்டு செய்திருந்தார். 1972ஆம் ஆண்டு ஜப்பானில் நடந்த தைஹெய்யோ மாஸ்டர்ஸ் போட்டியில் கே புரூவர் என்ற அமெரிக்கர் அத்தகைய தண்டு பொருத்திய மட்டையால் வென்றதும், எல்லார் கண்ணும் கறுப்புத் தண்டின்மேல் விழுந்தது.

இங்கே ஒரு வேடிக்கை. ஜப்பானில் கோல்ப் பொருள் செய்யும் பெயர் பெற்ற நிறுவனங்களைப் பாருங்கள். பிரிட்ஜ்ஸ்டோன் 1931ஆம் ஆண்டில் டயர் செய்யத் தோன்றியது. 1935ஆம் ஆண்டிலேயே கோல்ப் பந்து செய்தது. கோபேயில் 1909ஆம் ஆண்டில் எழுந்த டன்லப் தொழிற்சாலையின் வழிவந்தது சுமித்தோமோ ரப்பர். இன்றைய சிரிக்சன் மட்டைகள் அவர்களுடையவை. தண்டு செய்வதில் முன்னணியில் நிற்கும் பூஜிக்குரா 1901ஆம் ஆண்டில் பிறந்த ரப்பர் நிறுவனம். 2019ஆம் ஆண்டில்தான் பெயரிலிருந்த ரப்பரை நீக்கிக்கொண்டது. யோகோஹாமா ரப்பரும் இந்த வரிசையில் உண்டு. ரப்பரை மெல்லிய தகடாக்கி, பிசின் பூசி, அடுக்கடுக்காய்ச் சுற்றி, சூட்டில் இறுகவைக்கத் தெரிந்தவர்களுக்குக் கார்பன் இழைத் தாளைச் சுற்றித் தண்டாக்குவது அந்நியத் தொழில் அல்லவே! எஃகுத் தண்டில் பெயர் பெற்ற நிப்பான் ஷாப்ட் வாகனங்களுக்கு ஸ்பிரிங் செய்யும் நிறுவனத்திலிருந்து கிளைத்தது. அவர்கள் 1999ஆம் ஆண்டு வெளியிட்ட என்.எஸ். புரோ 950 என்ற தண்டு நூறு கிராமுக்குச் சற்றுக் குறைவு. வழக்கமான எஃகுத் தண்டு 120, 130 கிராம் இருந்த காலத்தில் அது பெரிய மாற்றம்.

சரி, தண்டைச் சோதிப்பது எப்படி? பட்டறையில் தண்டின் தடித்த முனையை வைசில் இறுகப் பிடித்து, மறு முனையில் எடை மாட்டி, இழுத்து விடுவார்கள். அது மேலும் கீழும் ஆடும். நிமிடத்துக்கு எத்தனை முறை ஆடுகிறது என்பதைக் கருவி எண்ணும். நெடிய மட்டைக்கு 240 முதல் 260 வரை என்பது பெரும்பாலான ஆண்களுக்கு வரும் அளவு. எண் கூடினால் விறைப்பு, குறைந்தால் நெகிழ்ச்சி. மேசை விளிம்பில் அடிக்கோலை அழுத்திப் பிடித்து நுனியைத் தட்டி விளையாடாத பள்ளிப் பிள்ளை உண்டா? அதே பாடம்தான் இது. கோலை நீட்டினால் மெதுவாக ஆடுகிறது, குறைத்தால் வேகமாக ஆடுகிறது. ஆகவே தண்டை அரை அங்குலம் வெட்டினாலும் விறைப்பு மாறிவிடும்.

அடுத்தது முறுக்கம். நுனியைத் திருகினால் எத்தனை பாகை திரும்புகிறது என்று பார்ப்பார்கள். எஃகு குறைவாகத் திரும்பும். கார்பன் அதிகமாகத் திரும்பும். பந்தின்மேல் மட்டை பட்டிருக்கும் நேரம் நொடியில் ஏறத்தாழ இரண்டாயிரத்தில் ஒரு பங்கு. அந்த நேரத்தில் தலை கொஞ்சம் கோணினாலும் பந்து புதருக்குள் போகும். பிறகு எடை, வளையும் இடம், நேர்மை ஆகியவை. தண்டைத் தனியே கண்ணாடிப் பலகையில் உருட்டினால் கோணல் தானே தெரிந்துவிடும்.

தண்டில் 'ஆர்', 'எஸ்', 'எக்ஸ்' என்று எழுத்து அச்சிட்டிருப்பார்கள். 'ஆர்' நடுத்தரம், 'எஸ்' விறைப்பு, 'எக்ஸ்' மிகு விறைப்பு. இந்த எழுத்துகளை நம்பி ஏமாறாதீர்கள். உலகத்துக்குப் பொதுவான அளவு இதற்குக் கிடையாது. ஒரு நிறுவனத்தின் 'எஸ்' மற்றொன்றின் 'ஆர்' ஆக இருக்கும். ஜப்பான் உள்நாட்டுக்கென்று செய்த மட்டைகளில் எழுத்து ஒன்றாயினும் தண்டு பெரும்பாலும் இலகுவாகவும் நெகிழ்வாகவும் இருக்கும். அங்கே வீசும் வேகத்தை நொடிக்கு இத்தனை மீட்டர் என்று கணக்கிடுவார்கள். 40 மீட்டர் என்பது சாதாரண ஆணின் வேகம்.

நாமும் ஒருமுறை இதில் பட்டுத் தெளிந்தோம். பிரிக்பீல்ட்ஸில் நமக்கு வேண்டிய குடும்பத்துப் பையன் ஒருவன். வயது பதினான்கு. வார இறுதியில் கேடியாகப் போய், பார்த்துப் பார்த்தே ஆட்டம் கற்றவன். அவனுக்காக அவன் தாயார் சீட்டுப் பணம் எடுத்தார். நாமும் கூடப் போய், பழைய ஜப்பானிய மட்டைத் தொகுதி ஒன்றை வாங்கிக் கொடுத்தோம். பெயரையும் பளபளப்பையும் பார்த்தோமே தவிர, தண்டைப் பார்க்கவில்லை. முன்னே வைத்திருந்தவர் யாரோ கனத்த, விறைத்த தண்டுகளை மாற்றிப் போட்டிருந்தார். ஒரு மாதம் ஆவதற்குள் பையனுக்கு மணிக்கட்டு வீங்கியது. பந்தும் வலப்பக்கமாகவே ஓடிற்று. திறமை இல்லை என்று அவன் தன்னையே குறை சொல்லிக்கொண்டான். கிள்ளானில் மட்டை பழுதுபார்க்கும் ஒரு பெரியவர் அதைக் கையில் வாங்கி இரண்டு முறை ஆட்டிவிட்டு, "தம்பி, இது உன் கம்பு இல்லைப்பா" என்றார். இலகுவான தண்டு மாற்றினோம். பையன் நிமிர்ந்தான். தாயார் இரண்டாம் முறையும் பணம் கொடுத்ததுதான் நம் மனத்தில் இன்னும் உறுத்துகிறது.

ஆகவே பழைய மட்டை வாங்கப் போகும் நேயர்கள் ஆடுபவரையும் கூட்டிச் செல்லுங்கள். தலையும் தண்டும் சேருமிடத்தில் பஞ்சை மெல்ல ஓட்டிப் பாருங்கள். கார்பனில் கீறல் இருந்தால் இழை பஞ்சைப் பிடித்துக்கொள்ளும். மெதுவாகத் திருகும்போது கிறீச்சென்று சத்தம் வந்தால் வேண்டாம். எஃகானால் நீளவாக்கில் ஒரு கண்ணால் பார்த்து, பள்ளமும் துருவும் தேடுங்கள்.

நிலத்தின் கதையையும் சொல்ல வேண்டும். புக்கிட் கியாரா ரப்பர் தோட்டத்தை அரசாங்கம் எடுத்துக்கொண்டபின், அங்கிருந்த குடும்பங்கள் 1982ஆம் ஆண்டில் தாமான் துன் டாக்டர் இஸ்மாயிலில் தற்காலிக நீளவீடுகளுக்குக் குடிபெயர்ந்தன. நிரந்தர வீட்டுக்காக அவர்கள் பல பத்தாண்டுகள் காத்திருந்தார்கள். புக்கிட் கியாராவில் 1991ஆம் ஆண்டு ஒரு பெரிய கோல்ப் கிளப் திறந்தது. 2013 முதல் 2018 வரை அமெரிக்கத் தொழில்முறைச் சங்கத்தின் போட்டி அங்கே நடைபெற்றது. ஷா ஆலம் அருகில் கிளன்மேரி என்ற பெயரும் ஒரு தோட்டத்தின் பெயர்தான். ஆட்டக்காரர்களாகவும் நம்மவர் எழுந்தார்கள். மாரிமுத்து ராமையா, பெரியசாமி குணசேகரன் ஆகியோர் நாடறிந்த தொழில்முறை ஆட்டக்காரர்கள்.

பந்துக்குள் இன்று நம் ரப்பர் நூல் இல்லை. செயற்கை ரப்பர் உருண்டை அந்த இடத்தைப் பிடித்துவிட்டது. ஆனால் கார்பன் தண்டு வேறொரு வழியாகத் தோட்டத்துக்குள் நுழைந்தது. உயர்ந்த செம்பனையில் குலை அறுக்க முன்பு மூங்கிலில் அரிவாளைக் கட்டினோம். பிறகு அலுமினியக் குழாய் வந்தது. மரம் உயர உயரக் கம்பும் நீள வேண்டும். நீண்டால் கனக்கும், நுனி தொங்கும். அதற்காக மலேசிய செம்பனை வாரியம் கார்பன் இழையாலான அறுவடைக் கம்பை உருவாக்கியது. கோல்ப் தண்டைப் போலவே தாள் தாளாகச் சுற்றி இறுக்கும் அதே பொருள். விலை அதிகம் என்பதால் எல்லாத் தோட்டங்களிலும் அதைக் காண முடியாது. உங்கள் தோட்டத்துக்கு வந்திருந்தால், ஒருமுறை கையில் வாங்கி, நுனியை மேலே நீட்டி, லேசாக ஆட்டிப் பாருங்கள்.