பாலியல் குற்றவாளிகள் பதிவுச் சட்டங்கள்: முன்தேதியிட்ட பயன்பாடு (அமெரிக்கா)

பாலியல் குற்றத்துக்காகத் தண்டனை பெற்றவர்கள் தங்கள் முகவரி, வேலையிடம் முதலியவற்றைக் காவல்துறையிடம் பதிந்து, குறித்த காலத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும் என்கின்றன பதிவுச் சட்டங்கள். சட்டம் பிறப்பதற்கு முன்பே குற்றம் செய்தவர்களையும் அந்தக் கடமைக்குள் கொண்டுவருவதே முன்தேதியிட்ட பயன்பாடு.

மாநிலம் தழுவிய முதல் பதிவேட்டை 1947-இல் கலிபோர்னியா தொடங்கியது. குழந்தைகள் கடத்தப்பட்டும் கொல்லப்பட்டும் நாடு கொதித்த 1990-களில்தான் பதிவேடு எல்லா மாநிலங்களுக்கும் பரவியது. மாநிலங்கள் பதிவேடு வைக்க வேண்டும் என்ற கூட்டாட்சிச் சட்டம் 1994-இலும், விவரங்களைப் பொதுமக்களுக்கு வெளியிடச் சொன்ன மேகன் சட்டம் 1996-இலும் வந்தன.

செய்தபோது இல்லாத தண்டனையைப் பின்னால் இயற்றிய சட்டத்தால் ஒருவர்மேல் சுமத்தக் கூடாது என்கிறது அமெரிக்க அரசியலமைப்பு. இந்தத் தடை குற்றவியல் தண்டனையை மட்டுமே கட்டுப்படுத்தும் என்று கால்டர் எதிர் புல் வழக்கில் (1798) உச்ச நீதிமன்றம் வரையறுத்தது. ஆகவே பதிவு என்பது தண்டனையா, பொதுப் பாதுகாப்புக்கான ஒழுங்குமுறையா என்ற கேள்வியில்தான் வழக்குகள் பெரும்பாலும் நிற்கின்றன.

அந்தக் கேள்விக்கு உச்ச நீதிமன்றம் 2003-இல் ஸ்மித் எதிர் டோ வழக்கில் விடை சொன்னது. அலாஸ்காவின் 1994-ஆம் ஆண்டுச் சட்டத்தை எதிர்த்த இருவரும் சிறைவாசம் முடிந்து 1990-இலேயே வெளியே வந்தவர்கள். சாதாரணக் குற்றம் ஒன்றுக்கு 15 ஆண்டுகள், ஆண்டுக்கு ஒருமுறை பதிவு. கடுங்குற்றத்துக்கு ஆயுள் முழுதும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை. இது தண்டனையல்ல என்று ஆறு நீதிபதிகள் முடிவு செய்தனர், மூவர் மறுத்தனர். பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதிய நீதிபதி அந்தோணி கென்னடி, இணையத்தில் வெளியான பதிவேட்டில் ஒருவர் பெயரைத் தேடுவதை ஆவணக் காப்பகத்தில் போய்ப் பழைய தீர்ப்பைப் பார்ப்பதோடு ஒப்பிட்டார். அண்டைவீட்டார், வேலை கொடுப்பவர், வீட்டு உரிமையாளர் என எவரும் நொடியில் பார்க்கும் படத்துக்கும் தூசி படிந்த கோப்புக்கும் உள்ள தூரத்தை இந்த ஒப்புமை மறைத்துவிட்டது.

பாலியல் குற்றவாளிகள் மீண்டும் குற்றம் செய்யும் வாய்ப்பு அச்சமூட்டும் அளவுக்கு அதிகம் என்ற கருத்தும் தீர்ப்புக்கு வலுச் சேர்த்தது. அதே ஆண்டின் இறுதியில் கூட்டாட்சி நீதி அமைச்சகத்தின் புள்ளியியல் பிரிவு ஓர் ஆய்வை வெளியிட்டது. 1994-இல் விடுதலையான 9,691 ஆண் பாலியல் குற்றவாளிகளில் மூன்று ஆண்டுகளுக்குள் புதிய பாலியல் குற்றத்துக்காகக் கைதானவர்கள் 5.3 விழுக்காடு. புகாரே ஆகாத குற்றங்கள் இந்தக் கணக்கில் வரா. அப்படியிருந்தும் நீதிமன்றம் கொண்ட நம்பிக்கைக்கும் இந்த எண்ணுக்கும் இடைவெளி பெரிது.

சட்டங்களோ 2003-க்குப் பிறகு கனத்துக்கொண்டே போயின. மிச்சிகனில் 1994-இல் காவல்துறை மட்டும் பார்க்கும் ஏடாகத் தொடங்கியது, 1999-இல் இணையத்துக்கு வந்தது. பள்ளியிலிருந்து 1,000 அடிக்குள் வசிக்கவோ வேலை பார்க்கவோ கூடாது என்ற தடை 2006-இல் சேர்ந்தது. தனிமனிதரின் அபாயத்தை அளக்காமல், குற்றத்தின் பெயரை மட்டும் வைத்து மூன்று அடுக்குகளாகப் பிரிக்கும் முறை 2011-இல் வந்தது. சிறு மாற்றங்களைக்கூட மூன்று வேலை நாட்களுக்குள் நேரில் தெரிவிக்க வேண்டியிருந்தது. ஸ்னைடர் வழக்கில் (2016) ஆறாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம், இந்தத் திருத்தங்களைப் பழைய குற்றங்கள்மேல் ஏற்றுவது தண்டனையே என்று தீர்ப்பளித்தது. பதிவேடு இந்த அளவுக்கு மாறிவிட்ட பின் 2003-ஆம் ஆண்டு வாதத்தை அதற்கு அப்படியே பொருத்துவது தவறு என்பதைத் தெளிவாகக் காட்டிய தீர்ப்பு இது. மேல்முறையீட்டை ஏற்க உச்ச நீதிமன்றம் 2017-இல் மறுத்தது.

மாநில நீதிமன்றங்கள் பல தத்தம் மாநில அரசியலமைப்பைக் கொண்டு முன்தேதியிடலைத் தடுத்துள்ளன. ஸ்மித் வழக்கு எழுந்த அலாஸ்காவே 2008-இல் அப்படிச் செய்தது. இந்தியானா (2009), ஓஹியோ (2011), மேரிலாந்து (2013), பென்சில்வேனியா (2017) மாநிலங்களின் உயர்ந்த நீதிமன்றங்களும் முன்தேதியிடலுக்கு எதிராகத் தீர்ப்பளித்தன.

கூட்டாட்சி அளவில் 2006-ஆம் ஆண்டின் ஆடம் வால்ஷ் சட்டம், பழைய குற்றவாளிகளுக்கு இது எப்படிப் பொருந்தும் என்பதை அட்டர்னி ஜெனரலிடம் விட்டது. அவர் குறிப்பிடும்வரை அவர்களுக்குப் பொருந்தாது என்று ரெனால்ட்ஸ் வழக்கு (2012) முடிவு செய்தது. அந்த அதிகார ஒப்படைப்பு செல்லும் என்று கண்டி வழக்கில் (2019) 5–3 என்ற கணக்கில் தீர்ப்பானது. இச்சட்டத்தின்கீழ் பதியத் தவறினால் பத்து ஆண்டுகள் வரை சிறை உண்டு.

ஸ்மித் எதிர் டோ தீர்ப்பை உச்ச நீதிமன்றம் இதுவரை கைவிடவில்லை. பழைய குற்றத்துக்குப் புதிய மாநிலச் சட்டத்தின் சுமை உண்டா என்பது ஒருவர் எந்த மாநிலத்தில் வாழ்கிறார் என்பதைப் பொறுத்தே முடிவாகிறது.